வாய்ப் புற்றுநோயும் மனித பாப்பிலோமா வைரசும்: நெய்யூர் முதல் அடையாறு வரை

வாய்ப் புற்றுநோய் எதனால் வருகிறது என்ற கேள்விக்குத் தென்னிந்திய மருத்துவர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வரும் பதில், வெற்றிலை பாக்குடன் சேர்த்து மெல்லப்படும் புகையிலை என்பதாகும். 1983ஆம் ஆண்டில் இந்தக் கேள்விக்கு இரண்டாவது பதில் ஒன்றும் முன்வைக்கப்பட்டது. மருக்களை உண்டாக்கும் மனித பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமிக்கும் வாய்ப் புற்றுநோயில் பங்கு இருக்கலாம் என்பதே அது. எச்.பி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த வைரஸ் இன்று செய்தித்தாள்களிலும் தடுப்பூசி விளம்பரங்களிலும் அடிக்கடி பேசப்படுகிறது. புகையிலையைப் பற்றி அறிந்தது எப்படி, வைரசைப் பற்றி அறிந்தது எப்படி, இவ்விரண்டில் எது எந்த அளவுக்குத் தமிழ்நாட்டு மக்களுக்குப் பொருந்தும் என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று முறையில் விளக்குகிறது.

மூன்று வாய்கள்

இப்பொருளில் சொற்குழப்பம் ஏற்படுவது எளிது. எனவே முதலில் மூன்று உறுப்புப் பகுதிகளைப் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது வாய்க்குழி. உதடு, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் முன்பகுதி, நாக்குக்குக் கீழுள்ள வாயின் அடித்தளம், மேலண்ணம் ஆகியவை இதில் அடங்கும். வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்தால் இவற்றில் பெரும்பகுதி தெரியும். பொதுவாக வாய்ப் புற்றுநோய் எனப்படுவது இப்பகுதியில் வருவதே.

இரண்டாவது வாய்த்தொண்டை. டான்சில் என்னும் உள்நாக்குச் சதை, நாக்கின் பின்பகுதி, மென்மையான அண்ணம், தொண்டையின் பின்சுவர் ஆகியவை இதில் அடங்கும். இது வாய்க்குழிக்குப் பின்னால் மறைவாக இருப்பதால் இங்கு வரும் நோய் எளிதில் கண்ணில் படாது.

மூன்றாவது கருப்பை வாய். பெண்களின் கருப்பையின் கீழ்ப்பகுதியாகிய இதற்கும் முகத்திலுள்ள வாய்க்கும் தொடர்பில்லை. ஆனால் தமிழில் இரண்டு நோய்ப் பெயர்களிலும் 'வாய்' என்ற சொல் வருவதால், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சொல்லப்படும் செய்தியை வாய்ப் புற்றுநோய்க்கும் பொருத்திப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. எச்.பி.வி. இந்த மூன்று இடங்களிலும் பேசப்படுகிறது என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. மூன்றிலும் அதன் பங்கு ஒரே அளவில் இல்லை என்பதுதான் பின்வரும் வரலாற்றின் சாரம்.

நெய்யூர் மருத்துவமனை

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பகுதியைச் சேர்ந்திருந்தது. அங்கே இலண்டன் மிஷனரி சங்கத்தின் மருத்துவப் பணி 1838ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த மருத்துவமனைக்குக் கன்னத்திலும் நாக்கிலும் கட்டியோடு வருபவர்கள் பெருகினர். ஐரோப்பிய மருத்துவமனைகளில் காணாத அளவுக்கு இந்நோய் அங்கே இருந்தது.

1908ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் இது தொடர்பாக இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. மருத்துவர் ஃபெல்ஸ், தென்னிந்தியாவில் வாய்ப் புற்றுநோய்க்காகச் செய்யப்பட்ட 209 அறுவை சிகிச்சைகளைப் பகுத்து ஆராய்ந்து எழுதினார். மருத்துவர் பெண்டால், திருவிதாங்கூரில் காணப்பட்ட 1,700 புற்றுநோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து எழுதினார். இவற்றுக்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1902இல், சென்னையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் நிப்லாக், இந்தியாவில் புற்றுநோய் பற்றி இந்தியன் மெடிக்கல் கெசட் இதழில் எழுதிய கட்டுரையில் கன்னப் புற்றுக்கும் வெற்றிலை மெல்லும் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டியிருந்தார்.

பின்னர் 1922, 1924ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் மலையேற்றப் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சாமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் நெய்யூரில் பணியாற்ற வந்தார். மலையேற்ற வீரராக உலகம் அறிந்த அவர், தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைத் தென்கோடி ஊரொன்றின் அறுவை அரங்கில் கழித்தார். அதே மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ஆர், வெற்றிலை மெல்வோரிடம் காணப்படும் வாய்ப் புற்றுநோயின் காரணம், திசு இயல்பு, சிகிச்சை ஆகியவற்றைப் பற்றி 1933ஆம் ஆண்டில் லான்செட் இதழில் விரிவாக எழுதினார்.

இந்தப் பகுதியில் மெல்லப்பட்ட புகையிலையில் பெரும்பங்கு யாழ்ப்பாணத்திலிருந்து கடல் வழியே வந்தது. யாழ்ப்பாணத்து விவசாயிகளுக்குத் திருவிதாங்கூர் நீண்ட காலம் முதன்மையான சந்தையாக விளங்கியது. கடலின் ஒரு கரையில் பணப்பயிராக விளைந்தது மறுகரையில் கன்னத்தில் அடக்கப்பட்டது. அடக்கப்பட்ட அதே இடத்திலேயே புண்ணும் வந்தது. வலப்பக்கம் அடக்குபவருக்கு வலக்கன்னத்திலும், இடப்பக்கம் அடக்குபவருக்கு இடக்கன்னத்திலும் நோய் தோன்றுவதை, எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமலே மருத்துவர்கள் கண்ணால் காண முடிந்தது. இது மிக வலுவான சான்றாக அமைந்தது.

அடையாறு புற்றுநோய் நிலையம்

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவருடைய தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்புக்குப் பின் புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் இலட்சியமாயிற்று. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர். சாந்தா 2005இல் மகசேசே விருதும், 2016இல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார். 2021 ஜனவரி 19 அன்று அவர் காலமானார்.

அங்கு வந்த நோயாளிகளில் ஆண்களுக்கு வாய்ப் புற்றும், பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றும் பெருமளவில் காணப்பட்டன. முற்றிய கன்னப் புற்றுக்குக் கதிர்வீச்சுடன் பிளியோமைசின் என்னும் மருந்தைச் சேர்த்து அளிக்கும் முறையைச் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1980இல் வெளியிட்டனர். 1981ஆம் ஆண்டளவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் தேசியத் திட்டத்தின் கீழ்ச் சென்னைப் பெருநகருக்கான புற்றுநோய்ப் பதிவேடும் அடையாறில் தொடங்கப்பட்டது. ஒரு நகரத்தில் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்றுநோய் வருகிறது என்பதை ஆண்டுதோறும் எண்ணி எழுதும் இந்தப் பணி வெளியுலகுக்கு அதிகம் தெரியாதது. எனினும் பிற்கால ஆய்வுகளுக்கு அதுவே அடித்தளமாயிற்று.

இவ்வாறு வந்த சான்றுகளை எல்லாம் சேர்த்து, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்த்த வெற்றிலை மெல்லுதலைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. 2004இல் வெளியான அதன் அறிக்கையில் புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும், பாக்கு மட்டுமே கூடப் புற்றுநோய்க் காரணிதான் என்று திருத்தமாகச் சொல்லப்பட்டது. புகையிலை போடாமல் வெறும் பாக்கு மென்றால் கெடுதலில்லை என்ற நம்பிக்கைக்கு அத்துடன் அறிவியல் ஆதரவு இல்லாமல் போயிற்று.

மருவிலிருந்து தொடங்கிய ஆய்வு

வைரசின் கதை வேறொரு திசையில் தொடங்கியது. 1907இல் இத்தாலிய மருத்துவர் சியூஃபோ, மருவை அரைத்து, செல்கள் புகமுடியாத நுண்வடிகட்டியில் வடித்தெடுத்த நீராலும் மரு பரவும் என்று காட்டினார். அதாவது, மருவுக்குக் காரணம் பாக்டீரியாவை விடச் சிறிய ஒன்று. 1911இல் அமெரிக்க அறிஞர் பெய்டன் ரவுஸ், கோழிகளில் ஒருவகைப் புற்றுக்கட்டியை இதே முறையில் ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தினார். அதை அக்காலத்தில் பலர் ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966இல், அதாவது 55 ஆண்டுகள் கழித்து. 1933இல் ரிச்சர்ட் ஷோப், காட்டு முயல்களின் தோலில் கொம்பு போல் வளரும் மருக்களுக்கு ஒரு வைரஸ் காரணம் என்று கண்டார். அந்த மருக்கள் சில முயல்களில் புற்றுநோயாக மாறுவதை ரவுஸ் பின்னர் காட்டினார். பாப்பிலோமா வைரஸ் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்பதற்கு முதல் சான்று இந்த முயல்களே.

ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் ட்ஸுர் ஹவுசென், 1970களில், மனிதரின் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் பாப்பிலோமா வைரசே காரணமாக இருக்கலாம் என்று கருதினார். வேறொரு வைரசைத்தான் அப்போது பலரும் சந்தேகித்து வந்தனர். அவருடைய குழுவினர் 1983இல் எச்.பி.வி.16 என்னும் வகையையும், 1984இல் எச்.பி.வி.18 என்னும் வகையையும் கருப்பை வாய்ப் புற்றுத் திசுக்களில் கண்டுபிடித்தனர். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் 1951 முதல் வளர்க்கப்பட்டு வரும் ஹீலா செல்களிலும் எச்.பி.வி.18 இருந்தது தெரியவந்தது. இதற்காக அவருக்கு 2008இல் மருத்துவ நோபல் பரிசில் பாதி வழங்கப்பட்டது.

அதே 1983இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த சிர்யானென் ஆய்வுக் குழுவினர், வாய்ப் புற்றுத் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவற்றில் சிலவற்றில் பாப்பிலோமா வைரஸ் தொற்றுக்குரிய அடையாளங்கள் இருப்பதை வெளியிட்டனர். வாய்ப் புற்றுநோயையும் இந்த வைரசையும் இணைத்துப் பேசிய தொடக்கம் இதுவே.

வைரஸ் செயல்படும் விதம்

பாப்பிலோமா வைரசில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை, அல்லது சாதாரண மருக்களை மட்டும் உண்டாக்குபவை. ஏறத்தாழ ஒரு டஜன் வகைகளே புற்றுநோய் அபாயம் உடையவை. அவற்றில் எச்.பி.வி.16 முதலிடம் பெறுவது.

நமது செல்களுக்குள் இரண்டு காவலர்கள் இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். பி53 என்னும் புரதம், மரபுப்பொருள் பழுதுபட்ட செல்லைப் பெருகவிடாமல் நிறுத்துகிறது, தேவையானால் அழியச் செய்கிறது. ஆர்.பி. என்னும் புரதம், செல் காலம் பாராமல் பிரியாதபடி பூட்டாக நிற்கிறது. அபாய வகை வைரஸ் உற்பத்தி செய்யும் ஈ6 என்னும் புரதம் முதல் காவலரைச் சிதைக்கிறது. ஈ7 என்னும் புரதம் இரண்டாவது காவலரைக் கட்டிப்போடுகிறது. காவல் இல்லாத செல்லில் பழுதுகள் சேர்ந்து, பல ஆண்டுகள் கழித்து அது புற்றாக மாறக்கூடும்.

புகையிலையும் பாக்கும் வேறு வழியில் வேலை செய்கின்றன. அவற்றிலுள்ள நைட்ரோசமைன்கள் மரபுப்பொருளை நேரடியாகச் சிதைக்கின்றன. சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையைக் கூட்டி, மேல்தோலை அரித்து, நச்சுப்பொருள்கள் உள்ளே இறங்க உதவுகிறது. பாக்கு வாயின் உட்புறச் சதையை நார்போல் இறுகச் செய்து, நாளடைவில் வாயைத் திறக்கவே முடியாத நிலைக்குக் கொண்டுவருகிறது. இங்கே பி53 காவலர் வைரசால் சிதைக்கப்படுவதில்லை. புகையிலை நச்சால் அதன் மரபணுவே கெட்டுப்போகிறது. இரண்டு வழிகளும் ஒரே ஊருக்குக் கொண்டுசேர்ப்பவைதான். ஆனால் வழிகள் வெவ்வேறு என்பதால், தடுக்கும் முறைகளும் வெவ்வேறு.

74 விழுக்காடும் 3.9 விழுக்காடும்

பாலிமரேஸ் தொடர்வினை எனப்படும் பி.சி.ஆர். முறை வந்தபின் திசுக்களில் வைரசின் மரபுப்பொருளைத் தேடுவது எளிதாயிற்று. 1995இல் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த பலராம் முதலிய ஆய்வாளர்கள், வெற்றிலை மெல்லும் பழக்கமுடைய 91 இந்திய நோயாளிகளின் வாய்ப் புற்றுத் திசுக்களை ஆராய்ந்தனர். அவற்றில் 74 விழுக்காட்டில் எச்.பி.வி. இருப்பதாகவும், பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பதாகவும் அறிவித்தனர். இது உண்மையானால், தென்னிந்தியாவின் வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலையோடு வைரசும் பெரிய காரணம் என்றாகிவிடும்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2003இல், இன்னொரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் சார்பில் ஹெர்ரெரோ தலைமையில் ஒன்பது நாடுகளில் நடந்த ஆய்வு அது. இந்தியாவில் சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் ஆகிய மூன்று நகரங்கள் அதில் பங்கேற்றன. அடையாறு புற்றுநோய் நிலையத்தின் ஆய்வாளரும், 1995 ஆய்வைச் செய்த பலராமும் அந்தக் குழுவில் இருந்தனர். அந்த ஆய்வில் வாய்க்குழிப் புற்றுத் திசுக்கள் 766இல் 3.9 விழுக்காட்டில் மட்டுமே எச்.பி.வி. காணப்பட்டது. வாய்த்தொண்டைப் புற்றுத் திசுக்கள் 142இல் 18.3 விழுக்காட்டில் அது காணப்பட்டது.

இவ்வளவு பெரிய வேறுபாடு ஏன்? முதலாவது, பி.சி.ஆர். மிக நுட்பமான முறை. திசுவில் ஓரிரு வைரஸ் துணுக்குகள் ஒட்டியிருந்தாலும், ஆய்வுக்கூடத்திலேயே வேறு மாதிரியிலிருந்து சிறு துளி கலந்துவிட்டாலும், அது 'இருக்கிறது' என்றே காட்டும். எனவே ஒவ்வோர் ஆய்வுக்கூடத்தின் முறைக்கேற்ப முடிவுகள் மாறின. இரண்டாவது, இருப்பதும் காரணமாவதும் ஒன்றல்ல. திருட்டு நடந்த தெருவில் நின்றவர் எல்லாரும் திருடர் ஆகிவிடமாட்டார். ஈ6, ஈ7 ஆகியவற்றை உற்பத்தி செய்யும் கட்டளைகள் அந்தச் செல்லுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்த்தால்தான் வைரஸ் அங்கே வேலை செய்கிறதா, சும்மா இருக்கிறதா என்பது தெரியும். மூன்றாவது, வாய்க்குழியையும் வாய்த்தொண்டையையும் பிரிக்காமல் எண்ணிய ஆய்வுகளில், தொண்டைக்குரிய எண்ணிக்கை வாயின் கணக்கில் ஏறிவிடும்.

இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து இது: எச்.பி.வி.16 வாய்த்தொண்டைப் புற்றுநோய்க்கு உறுதியான காரணி. வாய்க்குழிப் புற்றுநோயில் அதன் பங்கு சிறியது. தமிழ்நாட்டில் கன்னத்திலும் ஈறிலும் நாக்கிலும் வரும் பெரும்பான்மைப் புற்றுக்குப் புகையிலையும் பாக்குமே காரணம், மது அதை மேலும் தூண்டுகிறது. ஆனால் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை எச்.பி.வி.16 என்னும் வகையை வாய்க்குழிப் புற்றின் காரணிகளின் பட்டியலிலும் வைத்திருக்கிறது. ஆகவே சிறியது என்பதை இல்லை என்று கொள்ளக்கூடாது.

மேலை நாடுகளின் மாற்றம்

அமெரிக்காவில் மாரா கில்லிசன் தலைமையிலான குழு, 2000ஆம் ஆண்டில் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்கட்டிகள் 253ஐ ஆராய்ந்தது. மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கில் எச்.பி.வி. இருந்தது. அவற்றில் வாய்த்தொண்டைக் கட்டிகளில்தான் அது மிகுதி. புகைபிடித்தல் குறையக் குறைய, வைரசால் வரும் தொண்டைப் புற்று அங்கே பெருகியது. பழைய திசுக்களைச் சேமித்து வைத்திருந்து ஆராய்ந்ததில், வாய்த்தொண்டைப் புற்றில் எச்.பி.வி. காணப்படும் அளவு 1984 முதல் 1989 வரை 16.3 விழுக்காடாக இருந்து, 2000 முதல் 2004 வரை 71.7 விழுக்காடாக உயர்ந்தது தெரிந்தது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2010இல் வெளியான ஆய்வொன்றில், முற்றிய வாய்த்தொண்டைப் புற்று உடையவர்களில் எச்.பி.வி. சார்ந்தவர்கள் மூன்றாண்டு கழித்து உயிரோடிருக்கும் விகிதம் 82.4 விழுக்காடு, மற்றவர்களுக்கு 57.1 விழுக்காடு. வைரசால் வந்த கட்டி கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. அதனால் 2018 முதல் நடைமுறைக்கு வந்த நோய்நிலை வகைப்பாட்டில் இது தனி நோயாகவே பிரிக்கப்பட்டது.

மரக்காணம் கடற்கரைக்கு இதன் பொருள்

பொம்மையார்பாளையம், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர். மயிலம் பொம்மபுர ஆதீனத்தின் பெயரால் அறியப்படுவது. அங்கிருந்து வடக்கே சென்றால் மீனவர் குப்பங்களும், மரக்காணத்து உப்பளங்களும் வரும். வெயிலிலும் உவர்நீரிலும் நாள் முழுதும் உழைப்பவர்கள் பசியையும் களைப்பையும் மறக்கப் புகையிலையை வாயில் அடக்குவது தமிழ்நாட்டின் உழைக்கும் மக்களிடையே எங்கும் காணப்படும் பழக்கம். முன்பு வெற்றிலைப் பெட்டியில் இருந்தது, இப்போது சிறு பொட்டலங்களில் குட்காவாகவும் மாவாவாகவும் வருகிறது. தமிழ்நாடு அரசு 2001இலும், பின்னர் 2013இலும் குட்கா, பான் மசாலா விற்பனையைத் தடைசெய்து ஆணையிட்டது. நீதிமன்ற வழக்குகளுக்கும் கள்ளச் சந்தைக்கும் இடையே அந்தத் தடை தள்ளாடியே வந்துள்ளது.

இத்தகைய ஊர்களில் 'வாய்ப் புற்றுநோய்க்கு வைரஸ் காரணம்' என்ற செய்தி அரைகுறையாகப் போய்ச் சேர்ந்தால் மூன்று தீங்குகள் விளையும்.

முதலாவது, 'கிருமியால்தான் வருகிறது, புகையிலை மேல் குற்றமில்லை' என்று மெல்லும் பழக்கமுள்ளவர் மனத்தைத் தேற்றிக்கொள்வார். தடுப்பூசி போட்டுக்கொண்டால் பயமில்லாமல் மெல்லலாம் என்று இளைஞர்களும் எண்ணக்கூடும். எந்தத் தடுப்பூசியும் புகையிலையின் நச்சைத் தடுக்காது.

இரண்டாவது, நோயாளி மீது பழி விழும். எச்.பி.வி. முதன்மையாக உடலுறவின் வழியாகவும், வாய்க்கும் தொண்டைக்கும் வாய்வழி உடலுறவின் வழியாகவும் பரவுவது. இதை அரைகுறையாகக் கேட்டவர்கள், கன்னப் புற்று வந்த முதியவரையும் ஒழுக்கத்தைக் காட்டிப் பேசத் தொடங்குவார்கள். உண்மையில் இந்த வைரஸ் மிகப் பரவலானது. வாழ்நாளில் ஒரு முறையேனும் பெரும்பாலோரை அது தொட்டுச் செல்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை வெளியேற்றிவிடுகிறது. ஒருவருடைய ஒழுக்கத்தை அளக்கும் கோல் அன்று அது. மேலும், புற்றுநோய் தொற்றுநோய் அன்று. வாய்ப் புற்று வந்தவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்துத் திண்ணையில் ஒதுக்குவதற்கு மருத்துவ நியாயம் எதுவும் இல்லை. அவருக்கு அப்போது வேண்டியது கூட உட்கார்ந்து உண்பவர்கள்தான்.

மூன்றாவது, இதற்கு நேர்மாறான ஆபத்து. புகையிலையே போடாத ஒருவர், 'நமக்கு எங்கே வரப்போகிறது' என்று இருந்துவிடுவார். வைரசால் வரும் தொண்டைப் புற்று பெரும்பாலும் வலியின்றி, கழுத்தில் ஒரு கட்டியாகவே முதலில் தெரியும். அதை நெறிக்கட்டு என்று எண்ணி மாதக்கணக்கில் விட்டுவிட்டால் காலம் கடந்துவிடும்.

தடுப்பூசியின் வரலாறு

எச்.பி.வி. தடுப்பூசி 2006இல் முதலில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவில் 2008இல் விற்பனைக்கு வந்தது. 2009இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்குச் செயல்விளக்கத் திட்டமாக இது போடப்பட்டது. பெற்றோரின் ஒப்புதல் முறையாகப் பெறப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்ததால் 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. சிறுமிகள் சிலரின் மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இல்லை என்று விசாரணைகள் தெரிவித்தன. எனினும் மக்களின் நம்பிக்கை குலைந்தது, இந்தியாவின் தடுப்பூசித் திட்டம் பல ஆண்டுகள் பின்தங்கியது. ஒப்புதலைச் சடங்காகக் கருதினால் நல்ல மருந்தும் கெட்ட பெயர் எடுக்கும் என்பதற்கு அது ஒரு பாடம்.

2022 ஜூலையில் புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் என்னும் உள்நாட்டுத் தடுப்பூசி அனுமதி பெற்றது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளை அது தடுக்கிறது. தமிழ்நாடு அரசு தனது 2025-26 நிதிநிலை அறிக்கையில், 14 வயதுச் சிறுமிகளுக்கு இத்தடுப்பூசியைப் படிப்படியாக அளிக்கப்போவதாக அறிவித்தது. இதன் முதன்மை நோக்கம் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பது.

இது தொண்டையையும் காக்குமா? கோஸ்டா ரிக்கா நாட்டில் பெண்களிடம் நடந்த தடுப்பூசி ஆய்வில், நான்கு ஆண்டுகளுக்குப் பின் வாயில் எச்.பி.வி.16, 18 தொற்று, தடுப்பூசி போட்டவர்களிடம் 93 விழுக்காடு குறைவாக இருந்தது. இதை 2013இல் ஹெர்ரெரோ குழுவினரே வெளியிட்டனர். தொற்றுக் குறைந்தால் நோயும் குறையும் என்ற எதிர்பார்ப்பில், 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தலை, கழுத்துப் புற்றுத் தடுப்பையும் ஒன்பது வகைத் தடுப்பூசியின் பயன்களில் சேர்த்தது.

கண்ணால் பார்ப்பதே சோதனை

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் புதிதாக உதடு, வாய்க்குழிப் புற்று வந்தவர்கள் ஏறத்தாழ 1,43,000 பேர் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. கருப்பை வாய்ப் புற்று வந்த பெண்கள் ஏறத்தாழ 1,27,000 பேர். இவ்விரண்டுமே முன்கூட்டிக் கண்டுபிடிக்கக் கூடியவை.

இதற்கான சான்றுகள் நம் பக்கத்திலேயே கிடைத்தன. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கி 13 ஊராட்சிகளில் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைப் பரிசோதித்தனர். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையவர்களிடையே வாய்ப் புற்றால் ஏற்படும் மரணம் 34 விழுக்காடு குறைந்தது. கையில் விளக்கும், பார்க்கத் தெரிந்த கண்ணும் மட்டுமே அவர்களின் கருவிகள். அதே போல் திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்கள், நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைப் பரிசோதித்த ஆய்வு 2007இல் லான்செட் இதழில் வந்தது. கருப்பை வாய்ப் புற்றால் ஏற்படும் மரணம் அங்கே 35 விழுக்காடு குறைந்தது. இரண்டு ஆய்வுகளையும் வழிநடத்தியவர் மருத்துவர் ஆர். சங்கரநாராயணன்.

தமிழ்நாட்டில் 2023இல் ஈரோடு, திருப்பத்தூர், இராணிப்பேட்டை, கன்னியாகுமரி ஆகிய மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுகளுக்கான மக்கள்சார் பரிசோதனைத் திட்டம் தொடங்கப்பட்டது. நெய்யூர் அமைந்துள்ள மாவட்டமும் அவற்றில் ஒன்று. பொம்மையார்பாளையம் பகுதி மக்களுக்கு அருகில் உள்ள பெரிய மருத்துவமனை புதுச்சேரி ஜிப்மர். 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அந்நிறுவனத்தில் மண்டலப் புற்றுநோய் மையமும் இயங்குகிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில:

வாயில் மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண்.
கன்னத்தின் உட்புறம் அல்லது நாக்கில் தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம்.
காரம் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், வாய் திறப்பது குறைந்துகொண்டே வருதல்.
காரணமின்றிப் பல் ஆடுதல், பொய்ப்பல் திடீரெனப் பொருந்தாமை.
விழுங்கும்போது ஒரு பக்கமாக வலி, அதே பக்கக் காதிலும் வலி.
கழுத்தில் வலியில்லாத கட்டி, நீடித்த குரல் மாற்றம்.

முதல் நான்கும் பெரும்பாலும் வாய்க்குழியைச் சார்ந்தவை. கடைசி இரண்டும் தொண்டையைச் சார்ந்தவை. புகையிலைப் பழக்கம் இல்லாதவருக்கும் இவை பொருந்தும்.

முடிவாக

1908இல் நெய்யூர் மருத்துவர்கள் கண்ட காரணம் இன்றும் மாறவில்லை. 1983க்குப் பின் வந்த வைரஸ் அறிவு அதை ஒதுக்கித் தள்ளவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு காரணத்தையும், இன்னொரு நோயையும் சேர்த்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரொன்றில் கன்னத்தில் புண்ணோடு ஒருவர் வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எவ்வளவு காலமாக மெல்கிறீர்கள்?' என்பதே. மெல்லாதவர் கழுத்தில் கட்டியோடு வந்தால், தொண்டையைத் திறந்து பார்க்காமல் அனுப்பக்கூடாது. பதினான்கு வயதுச் சிறுமிக்குத் தடுப்பூசி, இருபது வயது இளைஞனுக்குப் புகையிலை விலக்கு, நாற்பது கடந்தவர்க்கு ஆண்டுக்கொரு முறை வாய்ப் பரிசோதனை. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் மூன்றும் நடக்க வேண்டியவை.